தீர்ப்புக் காசு: தவணை கேட்பதா, இணங்கிப் போவதா, விற்று முடிப்பதா?

யாழ்ப்பாணத்தில் கடன் வழக்கில் மாட்டுப்பட்ட ஆக்கள் பலர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: “தீர்ப்பு வந்தால் வரட்டும், ஐயாவிட்டக் கேட்டு மாதம் மாதம் கட்டுவம்.” கேட்கலாம், சட்டமும் இடம் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கு விளங்க முன் கேட்பது, தீர்ப்பு நாளில் கேட்பது, பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றச் சொத்தைக் கைப்பற்ற வரும் நீதிமன்ற அலுவலர்) வளவுக்குள் வந்து நிற்கும்போது கேட்பது என்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு விஷயங்கள். முதலாவதில் பேரம் பேசலாம். இரண்டாவதில் நீதிபதியின் மனதைப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் பெரும்பாலும் கடன் கொடுத்தவரின் இரக்கத்தில்தான் தங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தவணை கிடைப்பது எல்லாருக்கும் நல்லதென்று இல்லை. சிலருக்கு அது கடனை இரட்டிப்பாக்கும். அதற்கு ஒரு கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன்.

முதலில் சட்டம். எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் 194 ஆம் பிரிவுதான் காசு கட்டச் சொல்லும் தீர்ப்பாணையைத் தவணையாகக் கட்ட உத்தரவிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. வட்டியோடும் உத்தரவிடலாம், வட்டி இல்லாமலும் உத்தரவிடலாம். உத்தரவிட்டே ஆகவேண்டும் என்று அங்கே இல்லை. அது நீதிபதியின் தற்றுணிபு. ஈட்டுக் கடனை அந்தப் பிரிவு வெளியே வைத்திருக்கிறது. காணியையோ அசையும் பொருளையோ ஈடு வைத்து வாங்கிய காசுக்கு இந்த வழியால் தவணை கேட்க முடியாது. ஆகவே உங்கள் கடன் எந்த வகை என்று முதலில் பாருங்கள். புறோநோட்டில் கையெழுத்து வைத்து வாங்கிய கைக்கடனா, கடையில் சாமான் எடுத்த பாக்கியா, சீட்டுக் காசா, ஈட்டு உறுதி எழுதிய கடனா? முதல் மூன்றுக்கும் 194 ஐப் பற்றிப் பேசலாம். நாலாவதுக்கு இணக்கம் ஒன்றுதான் வழி.

வங்கியோ நிதி நிறுவனமோ வழக்குப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வந்திருக்கும். அங்கே ஓட்டம் வேறு. வழக்கு விளங்க முன்னமே ஒரு இடைக்காலத் தீர்ப்பாணை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதில் போட்டிருக்கும் திகதிக்கு முன், சத்தியக் கடதாசியோடு போய், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்க வேண்டும். முழுக் காசையும் நீதிமன்றத்தில் கட்டு, அல்லது பிணை வை என்று நீதிமன்றம் சொல்லலாம். உண்மையில் விளங்க வேண்டிய பிரச்சினை ஒன்று இருக்கிறதென்று காட்டினாலும் அனுமதி கிடைக்கும். பேசாமல் இருந்தால் அந்த இடைக்காலத் தீர்ப்பாணையே முடிந்த முடிவாகிவிடும். “தீர்ப்பு வரட்டும், பிறகு தவணை கேட்பம்” என்று இருப்பவர்கள் இந்தச் சட்டத்தில்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம் எடுப்போம். தீர்ப்புத் தொகை 12 இலட்சம் ரூபா. தீர்ப்பாணையின்படி காசு கட்டி முடியும் வரை ஆண்டுக்கு 12 வீத வட்டி ஓடுகிறது என்று வைப்போம். வீதம் உங்கள் வழக்கில் வேறாக இருக்கும், கணக்கின் போக்கு மாறாது.

12 இலட்சத்துக்கு 12 வீதம் என்றால் வருடத்துக்கு 1,44,000, மாதத்துக்கு 12,000. நீங்கள் மாதம் 15,000 கட்டுவதாக ஒப்புக்கொண்டால் முதல் மாதத்தில் முதலுக்குப் போவது 3,000 ரூபாதான். கட்டுகிற காசு எதற்குக் கழிய வேண்டும் என்று பேசி எழுதாவிட்டால் முதலில் வட்டிக்குத்தான் கழியும். இப்படியே கட்டிக்கொண்டு போனால் கடன் முடிய பதின்மூன்றரை வருடம் எடுக்கும். அதற்குள் உங்கள் கையை விட்டுப் போன காசு 24 இலட்சத்தையும் தாண்டியிருக்கும்.

அதே ஆள் மாதம் 25,000 கட்டினால் ஐந்தரை வருடத்தில் முடியும். 15,000 தான் கட்டுகிறார், ஆனால் தீர்ப்பு நாளோடு வட்டியை நிறுத்த வழக்காளி சம்மதித்திருக்கிறார் என்றால் ஆறு வருடமும் எட்டு மாதமும். வட்டியும் நின்று மாதம் 25,000 உம் கட்டினால் நாலே வருடம்.

ஆக, தவணையைப் பற்றிப் பேசும்போது சனம் மாதத் தொகையைப் பற்றியே பேசுகிறது. பேச வேண்டியது வட்டியைப் பற்றி. மாதம் 18,000 கட்டச் சொன்ன இடத்தில் 15,000 ஆகக் குறைத்துவிட்டோம் என்று சந்தோசமாக வெளியில் வருகிறவர், வட்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேட்டால் சட்டத்தரணியின் முகத்தைப் பார்ப்பார்.

தீர்ப்புக்கு முன் இணங்கிப் போவது

என் பார்வையில், கடன் உண்மையிலேயே பட்டது, தொகையிலும் பெரிய சண்டை இல்லை என்றால் இதுதான் முதல் தெரிவு. வழக்கு நடக்கும்போதே இரண்டு பகுதியும் ஒரு முடிவுக்கு வந்து, அதை நீதிமன்றத்துக்கு அறிவித்தால், அதே குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408 ஆம் பிரிவின்படி அந்த இணக்கத்தையே நீதிமன்றம் தீர்ப்பாணையாகப் பதியும்.

நீதிபதி தானாகத் தர முடியாத பலவற்றை வழக்காளி தர முடியும் என்பதுதான் இதன் பலம். வட்டியை விடலாம். “8 இலட்சத்தை ஒழுங்காகக் கட்டி முடித்தால் மிச்சம் 4 இலட்சத்தையும் விடுகிறேன்” என்று எழுதலாம். ஈட்டுக் கடன் என்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட இணங்கலாம். மாதம் மாதம் என்று இல்லாமல் விளைச்சலோடு ஒட்டிய தவணை பேசலாம். எங்கள் ஊருக்கு இது முக்கியம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டம் செய்கிறவருக்கு வெங்காயமோ உருளைக்கிழங்கோ கிண்டி விற்கும்போதுதான் காசு கையில் வரும். காலபோக நெல்லு வெட்டுவது தை, மாசியில். வடமராட்சிக் கரையில் தொழில் செய்கிறவர் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும்போது பல நாள் கடலுக்குப் போகவே முடியாது. இவர்களிடம் “ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதி 20,000” என்று எழுதினால் முதல் மாரியிலேயே தவணை தவறும். மாசியில் ஒரு பெரிய தொகை, ஆடியில் ஒரு பெரிய தொகை, இடையில் மாதம் 5,000 என்று எழுதினால் நிற்கும். கடன் கொடுத்தவரும் இதே ஊர்க்காரர்தானே, அவருக்கு இது விளங்கும்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இடம் தவறுகை வாசகம். வழக்காளியின் சட்டத்தரணி வழமையாகக் கொண்டுவரும் வசனம், “ஏதேனும் ஒரு தவணை தவறினால் மிகுதி முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும், எழுத்தாணை வழங்கலாம்” என்பது. எழுத்தாணை என்றால் சொத்தைக் கைப்பற்றப் பிஸ்காலுக்கு நீதிமன்றம் கொடுக்கும் கட்டளை. ஒரு தவணைக்கே இவ்வளவு தண்டனையை ஒப்புக்கொள்ளாதீர்கள். “தொடர்ந்து இரண்டு தவணை” என்று மாற்றக் கேளுங்கள். திகதிக்குப் பிறகு 14 நாள் சலுகை கேளுங்கள். எழுத்தாணைக்கு விண்ணப்பிக்க முன் உங்களுக்கு அறிவித்தல் தர வேண்டும் என்று சேர்க்கக் கேளுங்கள். மாதத் தொகையில் 2,000 ரூபா குறைப்பதை விட இந்த மூன்று வரியும் பெறுமதி. வருத்தம் துன்பம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த ஒரு மாதத்துக்காக வீடு ஏலத்துக்குப் போகாமல் காப்பது இந்த வரிகள்தான்.

பிணை நின்றவர்களையும் மறக்கக் கூடாது. இங்கே கடனுக்குக் கையெழுத்து வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஆசிரியர், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற மச்சான், அயல் வீட்டு அக்கா. எதிராளிகள் எல்லாரும் சேர்ந்தும் தனித்தனியும் பொறுப்பு என்று தீர்ப்பாணை இருந்தால், கடன் கொடுத்தவர் வசதியான ஆளைத்தான் முதலில் பிடிப்பார். முதல் எதிராளி தவணையை ஒழுங்காகக் கட்டும்வரை மற்றவர்கள் மேல் எழுத்தாணை கேட்பதில்லை என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் உறவு மிஞ்சும்.

இதில் பலவீனமும் உண்டு. இணக்கத் தீர்ப்பாணை முடிந்த முடிவு, அதற்குப் பிறகு மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. ஆகவே கையெழுத்துக்கு முன் கடன் கணக்கையே ஒருக்கால் சோதியுங்கள். தனியாரிடம் வட்டிக்கு வாங்கியது என்றால் இரண்டு பழைய சட்டங்கள் இன்னும் உதவும். 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், அறவிடக்கூடிய வட்டி முதலை மிஞ்சக் கூடாது என்கிறது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் காசுக்கடன் கொடுத்தல் சட்டம், அநியாய வட்டி என்றால் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. புறோநோட்டில் உண்மையில் கைமாறிய முதல் எவ்வளவு, முற்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று எழுதியிருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கேட்கிறது. வெறும் தாளில் கையெழுத்து வாங்கி, 3 இலட்சம் கொடுத்து, 6 இலட்சம் என்று நிரப்பிய கதைகள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அப்படியான வழக்கில் இணங்கிப் போக அவசரப்பட வேண்டாம். வழக்கை விளக்கத்துக்கு விடுங்கள், நீதிபதி விசாரிக்கட்டும்.

நீதிமன்றத்திடம் கேட்பது

வழக்காளி இணங்கவே மாட்டார் என்றால் 194 தான் மிச்சம். கேட்கும் நேரம் தீர்ப்பு வழங்கப்படும் நேரம். தீர்ப்பாணை பதிந்து மாதக்கணக்கு ஆனபின் போய்த் தவணை கேட்டால், வழக்காளி சம்மதித்தால் ஒழிய வேலை மிகவும் கடினம். கையில் ஒரு தீர்ப்பாணையை வைத்திருப்பவருக்கு அதை நிறைவேற்றும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பிறகு வெட்டுவதை நீதிமன்றங்கள் எளிதில் செய்வதில்லை.

கேட்பதற்கு வெறும் வாய் போதாது. உங்களுடைய வருமானம், செலவு, எத்தனை பேர் உங்களை நம்பி இருக்கிறார்கள், வேறென்ன கடன் என்பதைச் சத்தியக் கடதாசியில் போட்டு, சம்பளச் சிட்டை, வங்கிப் புத்தகத்தின் பிரதி, கிளினிக் கொப்பி, விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம் என்று இருப்பதை இணைத்துக் கொடுக்க வேண்டும். விதானையாரின் கடிதம் மட்டும் கொண்டுபோகிறவர்கள் உண்டு. “இவர் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்பவர்” என்று ஒரு தாள். அது உதவலாம், ஆனால் பாதகமும் செய்யலாம். ஒன்றுமே இல்லாதவர் மாதம் எப்படிக் கட்டுவார் என்று மற்றப் பக்கம் எழும்பிக் கேட்கும். வறுமையைக் காட்டுவதை விட ஒழுங்கான ஒரு சின்ன வருமானத்தைக் காட்டுவது மேல்.

அதைவிடப் பலமானது, கேட்க முன்னமே கொஞ்சக் காசைக் கட்டிக் காட்டுவது. அன்றைக்கே 50,000 கொண்டுவந்து “இதை இன்று கட்டுகிறேன், மிச்சத்தை இப்படிக் கட்டுவேன்” என்று நிற்கும் ஆளையும், வெறுங்கையோடு வந்து “ஐயா பார்த்துச் செய்யுங்கோ” என்று நிற்கும் ஆளையும் எந்த நீதிபதியும் ஒரே மாதிரிப் பார்க்க மாட்டார்.

அடுத்தது நீங்கள் வாயால் சொல்லும் தொகை. மன்றில் அடிக்கடி நடப்பது இப்படி:

“மாதம் எவ்வளவு கட்டலாம்?”

“ஐம்பதினாயிரம் கட்டலாம் ஐயா.”

“உமக்கு என்ன வருமானம்?”

“மாதம் அறுபது வரும் ஐயா. மகன் கனடாவில இருந்து அனுப்புவான்.”

பயத்திலும் மரியாதையிலும் பெரிய தொகையைச் சொல்லிவிட்டு, மூன்றாம் மாதத்தில் தவறவிடுவது. கனடாவில் இருக்கும் மகனுக்கு அங்கே வீட்டு வாடகையும் பிள்ளைகளும் இருக்கின்றன. அவர் தீர்ப்பாணையில் எதிராளியும் இல்லை. வெளிநாட்டுக் காசைத் தவணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வந்தால் மேலதிகமாகக் கட்டுங்கள். உங்கள் கையால் உழைக்கிற காசில், மோசமான மாதத்திலும் கட்டக்கூடிய தொகை எதுவோ அதைத்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று உங்கள் வழக்கு எந்த மாவட்ட நீதிமன்றத்தில் இருந்தாலும் வடக்கில் வழக்கு நடப்பது தமிழில்தான். ஆகவே என்ன பதிகிறார்கள் என்பதை நீங்களே கேட்டு விளங்கிக்கொள்ளலாம். விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே சட்டத்தரணியிடம் கேளுங்கள். சட்டத்தரணி வைக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

தீர்ப்பாணை பதிந்தபிறகு

இதுதான் கடைசி இடம், ஆனால் பெரும்பாலானோர் விழிப்பது இங்கேதான். வழக்காளி எழுத்தாணைக்கு விண்ணப்பித்துவிட்டார், பிஸ்கால் வரப்போகிறார் என்று செய்தி வரும். அப்போது இரண்டு வேலை செய்யலாம். நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் வேண்டுகோள்) போட்டு, 343 ஆம் பிரிவின்படி போதிய காரணம் காட்டி, நிறைவேற்றத்தையோ ஏலத்தையோ கொஞ்சக் காலம் நிறுத்தி வைக்கக் கேட்கலாம். அது மூச்சுவிட நேரம் தருமே தவிரத் தவணை தராது. மற்றது, வழக்காளியிடம் நேரே போய்ப் பேசுவது. பேசி இணங்கினால் அதை நீதிமன்றத்தில் பதிவது.

இந்தப் பதிவைத்தான் சனம் தவற விடுகிறது. 349 ஆம் பிரிவு சொல்வது இதுதான்: நீதிமன்றத்துக்கு வெளியே கட்டிய காசை நீதிமன்றத்துக்குத் தெரிவித்து உறுதிப்படுத்த வேண்டும். உறுதிப்படுத்தாத கொடுப்பனவை நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. நீங்கள் இரண்டு வருடமாகக் கடைக்காரர் அண்ணையின் வீட்டுக்குப் போய், தேத்தண்ணியும் குடித்து, மாதம் மாதம் கையில் 20,000 கொடுத்திருக்கலாம். அவர் மனம் மாறி, அல்லது அவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் வந்து, முழுத் தொகைக்கும் எழுத்தாணை கேட்டால், “கொடுத்தேன்” என்ற சொல் நிற்காது. அவர் உறுதிப்படுத்தாவிட்டால் நீங்களே மன்றுக்குப் போய் அவருக்கு அறிவித்தல் அனுப்பக் கேட்கலாம். இதைவிடச் சுகமான வழி, காசை நீதிமன்றக் கணக்கிலேயே வழக்கு இலக்கம் போட்டுக் கட்டி, பற்றுச்சீட்டை வைத்திருப்பது. போக்குவரத்தும் வரிசையும் கரைச்சல்தான். ஆனாலும் அதைத்தான் சொல்வேன்.

பத்து வருடம் ஒளித்திருந்தால் தீர்ப்பாணை செத்துவிடும் என்று ஒரு கதை உலாவுகிறது. 337 ஆம் பிரிவில் பத்து வருட எல்லை உண்மைதான். ஆனால் தவணையாகக் கட்டச் சொன்ன தீர்ப்பாணையில் அந்தப் பத்து வருடம் நீங்கள் தவறிய திகதியில் இருந்துதான் எண்ணப்படும். அந்தப் பத்து வருடமும் வட்டி சும்மா இருக்கப் போவதில்லை.

மறியலுக்குப் போக வேண்டி வருமா என்பது அடுத்த பயம். காசுத் தீர்ப்பாணையில் வழமையான பாதை சொத்துத்தான். கைது எழுத்தாணைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் சொத்தின் மேல் போய் ஒன்றும் தேறாத பிறகு வரும் கட்டம் அது. காசோலை திரும்பிய குற்ற வழக்கும் தாபரிப்புப் பணப் பாக்கியும் வேறு சாதி. அவற்றில் மறியல் உண்மையான ஆபத்து. அவற்றை இந்தக் கணக்கோடு குழப்ப வேண்டாம்.

பிஸ்கால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. உடுபுடவை, படுக்கை, தொழில் செய்யும் கருவிகள், கமக்காரன் என்றால் பிழைப்புக்குத் தேவையான கமக் கருவிகள், மாடு, விதைநெல்லு ஆகியவற்றை 218 ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. தையல் மெசினைத் தூக்க வந்தால் மறித்துக் கேட்கலாம்.

விற்று ஒரேயடியாக முடிப்பது

தவணைக்கு உண்மையான போட்டி இதுதான், யாழ்ப்பாணத்தில் முக்கியமாக. எங்கள் ஆக்களிடம் காசு இருக்காது, காணி இருக்கும். பராமரிப்பு இல்லாத இரண்டு பரப்பு வெறுங்காணியை வைத்துக்கொண்டு, 12 இலட்சம் கடனுக்குப் பதின்மூன்று வருடம் தவணை கட்டும் ஆளைப் பார்த்தால் எனக்கு விளங்குவதில்லை. “பரம்பரைக் காணி, விக்கக் கூடாது” என்பார்கள். சரி, ஆனால் தவறுகிற நாளில் அதே காணி பகிரங்க ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுக்கிறவர் அன்றைக்கே 25 வீதம் கட்டி, மிச்சத்தை 30 நாளுக்குள் கட்ட வேண்டும். அப்படிக் காசு வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர். பிரச்சினைக் காணி என்று ஊருக்குள் பேரும் எடுபட்டுவிடும். நீங்களே ஆறுதலாக விற்றால் வரும் விலை ஏலத்தில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விற்பதென்றால் காணி கைப்பற்றப்பட முன் விற்க வேண்டும். கைப்பற்றல் அறிவித்தல் காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் உறுதி அந்தக் கடன்காரருக்கு எதிராகச் செல்லாது. வாங்க வருகிறவரின் நொத்தாரிசு தேடுதலில் அதைக் கண்டதும் ஓடிவிடுவார். கைப்பற்றிய பிறகும் விற்க வேண்டும் என்றால் வழக்காளியையும் பேச்சில் சேர்த்து, விலைக் காசு நேரே அவருக்குப் போகும்படி ஒழுங்கு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் வழக்காளியிடம் கேட்க வேண்டியது தவணை அல்ல, அவகாசம். “ஆறு மாதம் தாருங்கள், காணியை விற்று 9 இலட்சத்தை ஒரே தரத்தில் தருகிறேன், வட்டியையும் மிச்சத்தையும் விடுங்கள்.” கையில் வரும் மொத்தக் காசுக்குக் கழிவு கேட்பது எங்கள் ஊர் வியாபாரத்தில் புதிதல்ல. பதின்மூன்று வருடம் பின்னால் திரிவதை விட 9 இலட்சத்தை இப்போதே எடுப்பது அவருக்கும் நிம்மதி. முதலில் சொன்ன கணக்கில் 24 இலட்சம் கட்டப்போன ஆள் 9 இலட்சத்தோடு வெளியில் வருகிறார்.

மனைவியின் சீதனக் காணி விஷயம் வேறு. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட குடும்பங்களில் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசச் சட்டத்தின்படி மனைவியின் தனிச்சொத்து புருசனின் கடனுக்குப் பொறுப்பாகாது. அந்தச் சொத்தைப் பராமரிக்க, பயிரிடப் பட்ட கடன் போன்றவை மட்டும் விதிவிலக்கு. ஆகவே புருசன் கடைக்காகப் பட்ட கடனுக்குச் சீதனக் காணியைப் பிஸ்கால் எடுத்துவிடுவார் என்று பயந்து, தவணைப் பேச்சில் மனைவி தானாகப் போய் “என்ர காணியைப் பொறுப்பு வைக்கிறன்” என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. இப்படித்தான் பாதுகாப்பாக இருந்த ஒரே சொத்தும் கடனுக்குள் இழுபட்டுப் போகிறது. அவரே கடனுக்குப் பிணை நின்றிருந்தால் கதை வேறு. அவர் விரும்பி விற்பதென்றாலும் உறுதிக்குப் புருசனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும்.

நகையை அடைவு வைத்துக் கட்டுவது பற்றியும் கேட்பார்கள். கழிவு கிடைக்கிறது, அடைவை மீட்க ஒரு திகதி தெரிந்த வருமானம் இருக்கிறது என்றால் செய்யலாம். இல்லாவிட்டால் ஒரு கடனை இன்னொரு கடனாக மாற்றுவதுதான். புதியதில் தவணை கேட்க நீதிபதியும் இருக்க மாட்டார். அடைவுக் கடைக்காரர் நகையை ஏலம் விடுவார்.

மற்ற வழிகள், சுருக்கமாக

மேல்முறையீடு: தீர்ப்புப் பிழை என்று உண்மையிலேயே நம்பினால் மட்டும். 14 நாளுக்குள் அறிவித்தல், தீர்ப்பில் இருந்து 60 நாளுக்குள் மனு. யாழ்ப்பாணத்திலேயே குடியியல் மேல்முறையீட்டு மேல்நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் மேல்முறையீடு போட்டதாலேயே நிறைவேற்றம் தானாக நின்றுவிடாது. நிறுத்தக் கேட்டால் பிணை கேட்பார்கள். நேரம் வாங்குவதற்காக மட்டும் மேல்முறையீடு போடுகிறவர், வட்டியையும் சட்டத்தரணிக் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வங்குரோத்து: 1853 ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரிடம் கடன்பட்டு ஒன்றும் மிஞ்சாத வியாபாரிக்கு யோசிக்கலாம். ஒரு புறோநோட்டுக்காகப் போகும் வழி அல்ல.

கடன் இணக்கச் சபை: 1941 இல் இருந்து உள்ளது. காணியை ஈடு வைத்தோ, மீட்டுத் தருவதாகச் சொல்லி எழுதியோ கடன்பட்டவர்களுக்கானது. வழக்குப் போகும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே நாட வேண்டிய இடம்.

காணியைப் பிள்ளையின் பேரில் நன்கொடை உறுதி எழுதி விடுவது: இது ஒரு வழியே அல்ல. கடன்காரரை ஏமாற்ற எழுதிய உறுதியை உடைக்க அவர் வழக்குப் போடலாம். 219 ஆம் பிரிவின்படி உங்களை மன்றுக்கு அழைத்து, என்ன சொத்து இருக்கிறது, யாரிடம் காசு வரவேண்டும் என்று சத்தியத்தின் மேல் கேட்கவும் முடியும். அதன் பிறகு தவணை கேட்டு நின்றால் யார் நம்புவார்?

ஆக, மாதச் சம்பளம் வருகிறது, விற்க ஒன்றும் இல்லை என்றால் தவணை. அதையும் தீர்ப்புக்கு முன் இணக்கமாகவே எடுக்கப் பாருங்கள், வட்டியை நிறுத்தி. விற்கக்கூடிய காணி இருந்தால் அவகாசமும் கழிவும். மாதத் தொகை வட்டியைக்கூட நெருங்காது என்றால், வட்டி நிற்கும் என்று எழுத்தில் வராமல் தவணைக்குச் சம்மதிக்க வேண்டாம். அதைவிட அந்தக் காசை ஒரு பக்கம் சேர்த்து, கொஞ்சம் பெருகினதும் கழிவு பேசப் போகலாம்.

கடைசித் தவணை கட்டிய அன்றும் வேலை முடியவில்லை. தீர்ப்பாணை முழுமையாக நிறைவேறியது என்று வழக்கேட்டில் பதிவிக்க வேண்டும். வழக்காளி வந்து சொல்லலாம், வராவிட்டால் பற்றுச்சீட்டுகளோடு நீங்கள் நகர்த்தல் பத்திரம் போடலாம். காணி ஏதும் கைப்பற்றப்பட்டிருந்தால் அந்தக் கைப்பற்றலை நீக்கும் உத்தரவை எடுத்து, காணிப் பதிவகத்திலும் பதிய வேண்டும். புறோநோட்டின் மூலப் பிரதி வழக்கில் இருந்தால் அது இரத்தாகிவிட்டதா என்று பதிவாளரிடம் கேளுங்கள். பிறகொரு நாள் மகளுக்குச் சீதன உறுதி எழுதப் போகும்போதுதான் பழைய கைப்பற்றல் இன்னும் பதிவேட்டில் கிடப்பது தெரியவரும். அந்த நேரம் வழக்காளி எந்த நாட்டில் இருக்கிறாரோ.